நம்பர் டாக்டரம்மா

கோபப்படுவதற்கு அரசாங்கம் லைசென்ஸ் கொடுப்பதாக இருந்தால், திருவள்ளூர் மாவட்டத்திலேயே அதை முறைப்படி விண்ணப்பித்து வாங்கி, காலாவதியாகாமல் புதுப்பித்து வைத்திருக்கும் ஒரே ஆள் எங்கள் நம்பர் டாக்டரம்மாவாகத்தான் இருப்பார். நீங்களும் நானும் படுவதெல்லாம் போலிக் கோபம். பஸ் வரவில்லை என்று பத்து நிமிஷம் கொதிப்போம்; ஜன்னலோர சீட் கிடைத்ததும் அணைந்துவிடுவோம். டாக்டரம்மா காலையில் ஷட்டரைத் தூக்கும்போது பற்றிக்கொண்டால், சாயங்காலம் அதே ஷட்டரை இறக்கும்வரை ஒரே சூட்டில் எரிவார். நடுவில் மதியச் சாப்பாட்டுக்குக்கூட இடைவேளை கிடையாது. தயிர்சாதத்தின் மேல் கோபப்பட்டபடியே அதைச் சாப்பிடுகிற ஒரு மனுஷியை நான் அங்கேதான் பார்த்தேன்.

கும்மிடிப்பூண்டியில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், ஒரு பஞ்சர் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவே அவருடைய கிளினிக். ஹோமியோபதி டாக்டர். பொன்னேரிப் பக்கம் நெல் விவசாயக் குடும்பம். கல்லூரியில் வருஷக்கணக்காகப் படித்துப் பட்டம் வாங்கி, மாநிலக் கவுன்சில் பதிவேட்டில் பெயரேற்றிக்கொண்டவர். வாசல் போர்டில் பெயர் விரல் உயரம்தான் இருக்கும். பட்டம் அதைவிடச் சின்னது. அதற்குக் கீழே பதிவு எண், ஐந்து இலக்கம், ஒரு முழ உயரத்தில், சிவப்பு பெயின்ட்டில். பெயர் யாருக்கும் மனதில் நிற்கவில்லை. நம்பர் நின்றது. அதனால் நம்பர் டாக்டரம்மா.

"பேரு யார் வேணா வெச்சிக்கலாம்யா. டாக்டர்னு போர்டு யார் வேணா மாட்டிக்கலாம். நம்பர் கீறவன்தான் சட்டப்படி டாக்டர். நம்பர் இல்லாதவன் யாவாரி" என்பார்.

மூலத்துக்கும் மூட்டுவலிக்கும் ஒரே லேகியம் விற்கிற வேன் ஒன்று மைக் கட்டிக்கொண்டு பஜாருக்குள் வரும். ஒருநாள் டாக்டரம்மா அதன் முன்னால் போய் நின்றுவிட்டார்.

"உன் நம்பர் இன்னா?"

வேன்காரன் சந்தோஷமாகத் தன் மொபைல் நம்பரைச் சொன்னான்.

"அது இல்லடா. ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர்!"

அவன் இறங்கிப் பின்பக்கம் போய், வேனின் நம்பர் பிளேட்டைத் துடைத்துவிட்டு, படித்துக் காட்டினான். அன்றைக்கு அவனுடைய மைக்கிலேயே அவனுக்கு அரைமணி நேரம் சட்ட வகுப்பு நடந்தது. பஜாரே கேட்டது. வேன் அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

இன்னொரு நாள் ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்து, எல்லா டாக்டரையும் கேட்கிற மாதிரி, "அம்மா, ஒரே ஒரு ஊசி போட்டு வுடும்மா" என்றார்.

"நைனா, எனக்கு ஊசி போட அதிகாரம் இல்ல. நான் படிச்சது வேற. உனக்கு நான் ஊசி போட்டா அன்னிக்கே நானும் போலி டாக்டரு."

"சரி, சின்ன ஊசியா போடும்மா."

"சட்டத்துல சின்ன ஊசி, பெரிய ஊசின்னு இல்ல நைனா!"

அந்தச் சின்ன வெள்ளை உருண்டைகள் வேலை செய்யுமா, செய்யாதா என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல், மூச்சிரைப்பு, கட்டி, ரத்தம் என்று எது வந்தாலும் அவர் டப்பாவைத் திறக்க மாட்டார். "என் லைசென்ஸுக்குள்ள இது வராது. பெரியாஸ்பத்திரிக்கு நட" என்று துரத்துவார். வருகிற பத்துப் பேரில் பாதிப் பேரைத் துரத்தினால் கிளினிக் எப்படி நடக்கும்? நடக்கவில்லைதான். அதற்காகவும் அவர் கோபப்பட்டார். துரத்துவதை மட்டும் நிறுத்தவில்லை.

எனக்கு அவர் அறிமுகமானது ஒரு சண்டையில். சண்டையில் தப்பு செய்தவன் நான்.

அப்போது தொழிற்பேட்டையில் கார்களுக்கு பிளாஸ்டிக் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் நான் டைம் ஆபீஸ் கிளார்க். யார் வந்தார்கள், யார் லேட், யார் லீவு என்று பார்ப்பதுதான் வேலை. லீவு போட்டவர் மெடிக்கல் சர்டிபிகேட் கொண்டுவந்தால் அதை வாங்கி ஃபைலில் குத்தி வைக்க வேண்டும். பேக்கிங் பிரிவில் ஸ்டெல்லா என்று ஒரு பெண். கான்ட்ராக்ட் தொழிலாளி. சூடான பாகங்களை எடுத்து எடுத்துக் கைத்தோல் வெடித்துக் கொப்புளம் போட்டுவிட்டது. ஐந்து நாள் ஓய்வெடுக்கச் சொல்லி நம்பர் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சர்டிபிகேட்டுடன் அந்தப் பெண் வந்து நின்றது.

எங்கள் மேனேஜர் அதை ஒரு நொடி பார்த்தார். "ஹோமியோபதியா? இது செல்லாது" என்றார்.

நான் "செல்லாது" என்று அதன் மேலேயே சிவப்பு மையில் எழுதி ஸ்டெல்லாவிடம் திருப்பிக் கொடுத்தேன். எந்தச் சட்டப்படி செல்லாது என்று நான் அவரைக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை. அன்று மதியமே கான்ட்ராக்டர் அந்தப் பெண்ணை "நாளைலருந்து வராதம்மா" என்று அனுப்பிவிட்டான். ஸ்டெல்லா கையில் துணி சுற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனேன். இதை இப்போது எழுதும்போது என் மேலேயே எனக்கு வருகிற எரிச்சல் கொஞ்சமல்ல.

மறுநாள் காலை டாக்டரம்மா கேட்டில் நின்றார். கையில் செல்லாத சர்டிபிகேட். கக்கத்தில் ஜெராக்ஸ் கட்டு.

"யாரப் பாக்கணும்மா?" என்று செக்யூரிட்டி கேட்டிருக்கிறார்.

"உள்ள சட்டம் தெரிஞ்ச ஆளு யார் கீறாங்களோ, அவங்கள."

செக்யூரிட்டி நேர்மையாக யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்படி யாரும் இல்லியேம்மா" என்றிருக்கிறார்.

பார்வையாளர் பதிவேட்டில் 'நோக்கம்' என்ற கட்டத்தில் டாக்டரம்மா 'சண்டை' என்று எழுதினார். செக்யூரிட்டி அதைப் பார்த்து அப்படியே விசிட்டர் பாஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். 'நோக்கம்: சண்டை' என்று கழுத்தில் தொங்க ஒருவர் எங்கள் டைம் ஆபீஸுக்குள் நுழைந்தது அதுதான் முதலும் கடைசியும்.

"இதுல செல்லாதுன்னு எழுதினது யாரு?"

நான் மேனேஜரைப் பார்த்தேன். மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"மேடம், எங்க ரூல்படி டாக்டர்னா இங்கிலீஷ் டாக்டர்" என்றார் மேனேஜர்.

"உங்க ரூலு இந்த கேட்டோட நின்னுடும். சட்டம் கேட்டுக்கு வெளியவும் கீது, உள்ளவும் கீது. படிங்க."

ஜெராக்ஸை அவர் முன்னால் போட்டார். யார் ஹோமியோபதி மருத்துவர் என்பதற்கு விளக்கம், யார் பதிவு பெற்றவர் என்பதற்கு விளக்கம், பதிவு பெற்றவருக்கு என்னென்ன உரிமை என்ற பட்டியல். எல்லாவற்றுக்கும் கீழே அடிக்கோடு. மேனேஜரை வாய்விட்டுப் படிக்க வைத்தார். அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும், பதிவேட்டில் பெயர் வேண்டும், அந்த இரண்டும் இருந்தால் மருத்துவச் சான்றிதழில் கையெழுத்திடலாம் என்கிற இடம் வந்ததும் மேனேஜரின் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"சத்தமா" என்றார் டாக்டரம்மா.

"ஹெட் ஆபீஸைக் கேட்டுச் சொல்றோம் மேடம்."

"ஓஹோ! இதோ இங்க ஒரு ஃபைலு குத்தி வெச்சிகினு கீறியே, இவனுக்கெல்லாம் எந்த ஹெட் ஆபீஸக் கேட்ட?"

என் மேஜையில் திறந்து கிடந்த லீவு ஃபைலைத்தான் சொன்னார். அதில் முக்கால்வாசி சர்டிபிகேட் ஒரே ஆள் கொடுத்தது. நெடுஞ்சாலைத் திருப்பத்தில் கிளினிக் வைத்திருந்த அந்த ஆளை எல்லாரும் பைபாஸ் டாக்டர் என்பார்கள். பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்துகள் ரயில்பெட்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். எல்லா நோய்க்கும் ஒரு ஊசி, ஒரு வெள்ளைப் பொடி. சர்டிபிகேட்டுக்கு நோயே தேவையில்லை. தேதி சொன்னால் போதும். ஆனால் அவருடைய சீல் நல்ல பெரிய வட்ட சீல், ஊதா மை. எங்கள் மேனேஜருக்கு வட்ட சீல் என்றால் ஒரு மரியாதை.

"இவன் நம்பர் இன்னா? ஊருக்கெல்லாம் தெரியட்டும், நானே படிக்கிறேன்" என்று டாக்டரம்மா ஒரு சர்டிபிகேட்டை உருவி, கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இலக்கமாக உரக்கப் படித்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

நாலாவது இலக்கத்தில் குரல் நின்றது.

அது அவருடைய நம்பர்.

ஸ்டேஷனுக்குப் போகிற எவனும் படிக்கட்டும் என்று முழ உயரத்தில் எழுதி வைத்தாரே, அதைப் படித்திருக்கிறான். சீல் செய்கிற இடத்தில் போய், எழுத்துகளோடு இந்த ஐந்து இலக்கத்தையும் சேர்த்துப் போடச் சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான். கல்லூரி வேண்டாம், கவுன்சில் வேண்டாம், ஒரு தடவை அண்ணாந்து பார்த்தால் போதும்.

எங்கள் மேனேஜர் இரண்டு காகிதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நிம்மதியாக நிமிர்ந்தார்.

"பாத்தீங்களா மேடம், ரெண்டுலயும் ஒரே நம்பர். அப்ப அவரும் கரெக்டு, நீங்களும் கரெக்டு."

டாக்டரம்மா அன்றைக்கு அவரை அடிக்காமல் விட்டதற்குக் காரணம், அடிக்க லைசென்ஸ் இல்லை என்பது மட்டும்தான்.

அவர் புகார் எழுதினார். ஒரு பக்கம், இரண்டு பக்கம் இல்லை; இணைப்புகளோடு சேர்த்துத் தூக்கினால் கை வலிக்கும். மாவட்டத் தலைநகரில் ஓர் அலுவலகத்துக்கு அவரோடு நானும் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை; நாட்டில் எல்லா அலுவலகமும் ஒரே மாதிரி இருப்பதால் சொல்லியும் பிரயோஜனமில்லை. நான் போனது பாவத்தைக் கழிக்க. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "செல்லாதுன்னு எழுதின கை எது, இதா, அதா?" என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார். பயணம் கொஞ்சம் நீளம்.

மனு வாங்குகிற ஆள் 'பொருள்' என்ற இடத்தைப் படித்தார். 'என் பதிவு எண் திருட்டு' என்று இருந்தது.

"திருட்டுன்னா போலீஸ். டாக்டர்னா சுகாதாரம். திருட்டு டாக்டர்னா எந்தப் பிரிவுல போடறதும்மா?"

"அத்த தெரிஞ்சுக்கத்தான்யா உன்ன இங்க ஒக்கார வெச்சிகீது!"

மனுவுக்கு ஒரு ரசீது கிடைத்தது. அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒன்று நடந்தது. நடக்காமலே இருந்திருக்கலாம்.

ஒரு காலை வேளையில் போலி மருத்துவர்களைப் பிடிக்க ஒரு குழு ஜீப்பில் வந்தது. நேரே பைபாஸுக்குப் போனார்கள். ஷட்டர் மூடியிருந்தது. 'டாக்டர் திருப்பதி சென்றுள்ளார்' என்று ஒரு அட்டை தொங்கியது. குழு வருவது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், நானும் சொல்ல மாட்டேன். இத்தனை தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு எப்படித் திரும்புவது? புகார் மனுவில் இன்னொரு கிளினிக் முகவரி இருந்ததே, புகார் கொடுத்தவரின் முகவரி. அங்கே வந்தார்கள். ஊரிலேயே அன்று திறந்திருந்த கிளினிக் அதுதான், ஏனென்றால் ஊரிலேயே அன்று பயப்படாத ஆள் அவர்தான்.

"ஒரிஜினல் சர்டிபிகேட் காட்டுங்க."

"கவுன்சிலுக்குப் புதுப்பிக்க அனுப்பிகீறேன். இதோ ரசீது. இதோ காப்பி."

"காப்பி செல்லாது. ஒரே நம்பர்ல ரெண்டு பேர் இருக்கீங்கன்னு புகார் வந்திருக்கு."

"புகார் குடுத்ததே நாந்தான்யா!"

"அதனால என்ன? நீங்கதான் நீங்கன்னு நிரூபிக்கணும்ல."

டாக்டரம்மா உடனே அவர்களிடம் திருப்பிக் கேட்டார்: நீங்கள் யார், உங்கள் அடையாள அட்டை எங்கே, சோதனை போட உங்களுக்கு அதிகாரம் கொடுத்த உத்தரவு எங்கே, அதன் நம்பர் என்ன? நாலு பேரில் ஒருவர் அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். "அப்ப நீ போலி அதிகாரி" என்று சொல்லிவிட்டார். அத்தோடு முடிந்தது கதை. ஒரிஜினல் வரும்வரை சிகிச்சை அளிக்கக்கூடாது என்று கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

திருப்பதிக்குப் போயிருந்தவர் மறுநாள் காலை நாஷ்டா நேரத்துக்கெல்லாம் திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கினார். தலையில் மொட்டைகூட இல்லை.

என்னை இன்றைக்கும் கொதிக்க வைப்பது இதுதான். போலியை மூட முடியாத சட்டம், சட்டத்தைக் கும்பிடுகிற ஒரே ஆளின் கதவில் போய்ப் பசை தடவி ஒட்டியது. வேறு யாராக இருந்தாலும் அந்த நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக மருந்து கொடுத்திருப்பார்கள். டாக்டரம்மா கிழிக்கவில்லை. ஓரம் பெயர்ந்துகொண்டு வந்ததைத் தானே ஒட்டினார். கிளினிக்கைப் பூட்டிவிட்டு, வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு தினமும் காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களிடம், "இன்னிக்கு நான் டாக்டர் இல்ல. போ" என்பார்.

"ரெண்டு உருண்ட குடுத்தா இன்னாம்மா ஆயிடும்?" என்று பஞ்சர் கடைக்காரர் கேட்டார்.

"ரெண்டு உருண்ட குடுத்தா அவனும் நானும் ஒண்ணு ஆயிடுவோம்."

நான் தினமும் ஷிப்ட்டுக்குப் போகும்போது அந்த நாற்காலியைக் கடந்துதான் போக வேண்டும். "யோவ் டைம் ஆபீஸு, உன் மேனேஜரு இன்னிக்கு எத்தினி போலி சர்டிபிகேட் வாங்கினான்?" என்று ரோடெல்லாம் கேட்கக் கத்துவார். நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். எண்ணிக்கை எனக்குத் தெரியும் என்பதுதான் கஷ்டம்.

அப்படி ஒரு காலையில் ஸ்டெல்லா வந்தது. ஷேர் ஆட்டோவில், கணவன் டேவிட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு. டேவிட் ஒரு குடோனில் லோடு ஏற்றுகிறவன். விடிந்ததிலிருந்து நெஞ்சு அடைக்கிறது என்றிருக்கிறான். பைபாஸ் டாக்டரிடம் போயிருக்கிறார்கள். வெறும் வாயு, கேஸ் என்று சொல்லி ஒரு ஊசி போட்டு, பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் ஸ்டெல்லாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, "அம்மா, ஒரு தபா இவரப் பாரும்மா" என்றது.

நான் அப்போது அங்கேதான் வசவு வாங்கிக்கொண்டு நின்றிருந்தேன். டேவிட்டின் சட்டை தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. முகம் சாம்பல். டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்த வேகத்தில் அது பின்னால் கவிழ்ந்தது.

"எதுனா மருந்து குடும்மா" என்று ஸ்டெல்லா அழுதது.

"மருந்து இல்ல! இதுக்கு என்கிட்ட மருந்தும் இல்ல, லைசென்ஸும் இல்ல. பெரியாஸ்பத்திரி!" என்று கத்திக்கொண்டே ஆட்டோவுக்குள் ஏறினார். உள்ளே இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். "எறங்கு. எல்லாம் எறங்கு."

ஒருவர் மட்டும் முணுமுணுத்தார். "பொன்னேரி போற ரயிலப் புடிக்கணும்மா..."

"உனுக்கு அடுத்த ரயிலு வரும். இவனுக்கு அடுத்தது வராது. எறங்குயா!"

அவர் இறங்கினார். நான் டிரைவருக்குப் பக்கத்தில் தொற்றிக்கொண்டேன். ஷிப்ட் மறந்துபோயிற்று. வழியெல்லாம் டாக்டரம்மா டேவிட்டின் நாடியைப் பிடித்தபடி திட்டிக்கொண்டே வந்தார். லாரியைத் திட்டினார், பள்ளத்தைத் திட்டினார், பள்ளத்தை மூடாதவனைத் திட்டினார். டேவிட்டையும் திட்டினார்: "கண்ண மூடாதடா. மூடினா அறைவேன். என்னியே பாரு."

அரசு ஆஸ்பத்திரியில் இளம் வயசு டூட்டி டாக்டர் ஒருவர். ஒரு கேள்விகூடக் கேட்காமல் டேவிட்டைப் படுக்க வைத்து, ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, மாரடைப்பு என்றார். மருந்து கொடுத்து, சென்னைக்கு அனுப்ப ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். அப்புறம்தான், "ஏற்கெனவே என்ன ஊசி போட்டாங்க?" என்றார்.

டாக்டரம்மா ஸ்டெல்லாவின் கையிலிருந்த பொட்டலத்தையும் சீட்டையும் பிடுங்கிக் கொடுத்தார். டூட்டி டாக்டர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். ஊதா நிறத்தில் வட்ட சீல்.

"அம்மா, நீங்க யாரு?"

"ஹோமியோபதி டாக்டர்." பழக்கதோஷம், நம்பரையும் சேர்த்துச் சொன்னார்.

டூட்டி டாக்டர் சீட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

"உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? ஹோமியோபதி படிச்சிட்டு எந்த தைரியத்துல ஊசி போடறீங்க? மாரடைப்ப கேஸ்னு சொல்லிப் பொடி மடிச்சுக் குடுத்திருக்கீங்க. இப்பவே போலீஸுக்குச் சொல்றேன்."

வாழ்நாள் முழுக்க அடுத்தவரைப் பார்த்து அவர் கத்திய அத்தனை வசனமும், வார்த்தை மாறாமல், அவர் மேலேயே வந்து விழுந்தது. ஸ்டெல்லா, "ஐயோ இல்ல சார், அது வேற ஆளு சார்" என்று குறுக்கே விழுந்தது. நானும் வாயைத் திறந்தேன். டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் கையமர்த்தினார். அவர் முகத்தில் அப்போது தெரிந்ததை மகிழ்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும்.

"சொல்லு தம்பி. இப்பவே போன் போடு. போலீஸ் வரட்டும், வரட்டும்னுதான் இத்தினி மாசமா நான் கத்திக்கினு கீறேன். நான் கூப்ட்டா வரல. நீ கூப்ட்டா வருவாங்க."

வந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து முறைப்படி தகவல் போனதால், எந்தப் பிரிவில் போடுவது என்று யாரும் யோசிக்கவில்லை. அவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். பைபாஸ்காரனையும் ஆள் அனுப்பி அழைத்து வந்தார்கள். இந்தத் தடவை திருப்பதிக்குப் போக அவகாசம் கிடைக்கவில்லை. அவன் கையில் ஒரிஜினல் மாதிரியே பளபளக்கும் ஒரு லேமினேட் சர்டிபிகேட் வைத்திருந்தான். டாக்டரம்மாவிடம் மங்கிப்போன ஒரு ஜெராக்ஸ்தான் இருந்தது. இன்ஸ்பெக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரே ஒரு கேள்வி கேக்கறேன் சார்" என்றார் டாக்டரம்மா. பைபாஸ்காரன் பக்கம் திரும்பினார். "நீ எந்தக் கவுன்சில்ல பதிவு பண்ணே? அது எந்த ஊர்ல கீது? அத்த மட்டும் சொல்லு."

அவன் யோசித்துவிட்டு, "டெல்லி" என்றான்.

எதிரில் மேஜைமேல் கிடந்த அவனுடைய லேமினேட் காகிதத்திலேயே மாநிலத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. தன்னுடைய போலியைக்கூட அவன் முழுசாகப் படித்ததில்லை.

அன்று மதியம் நான் கம்பெனிக்குப் போனேன். லீவு ஃபைலிலிருந்து அவன் சீல் குத்திய அத்தனை சர்டிபிகேட்டையும் பிரித்தெடுத்து, பட்டியல் போட்டு, ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தேன். யாரைக் கேட்டு எடுத்தாய் என்றார் மேனேஜர். "ஹெட் ஆபீஸைக் கேட்கலை சார்" என்றேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். ஸ்டெல்லா தாண்டிப் போன அதே கேட்டை நானும் தாண்டினேன். எனக்கு அது குறைந்தபட்ச தண்டனை.

கதை சுபமாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். டேவிட் பிழைத்தான், மூட்டை தூக்க மட்டும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். போலீஸ் வந்து விசாரித்த பிறகு எங்கள் கம்பெனி பயந்துபோய், மறுபடியும் வேலைக்கு வரும்படி ஸ்டெல்லாவுக்குச் சொல்லியனுப்பியது. "செல்லாதுன்னு எழுதின எடத்துல எனக்கு இன்னா வேல?" என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லா வேறு ஒரு கம்பெனியில் சேர்ந்துகொண்டது. டாக்டரம்மாவின் ஒரிஜினல் கவுன்சிலிலிருந்து வந்தது, கதவிலிருந்த நோட்டீஸ் போனது. பைபாஸ்காரன் ஜாமீனில் வெளியே வந்தான். வழக்கு நடக்கிறது என்கிறார்கள். அவன் இப்போது ஊத்துக்கோட்டைப் பக்கம் வேறு ஏதோ ஒரு சிகிச்சை என்று போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகக் கேள்வி. அதற்கும் மனு போயிருக்கிறது. அதுவும் தூக்கினால் கை வலிக்கிற கனம்தான்.

நான் திருவள்ளூர் பக்கம் மணவாள நகருக்குக் குடிவந்து, ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் தலைசுற்றல் விடவேயில்லை. போனில் சொன்னேன். "வாயால சொன்னா எனக்கு இன்னாயா தெரியும், கிளம்பி வா" என்று கத்தினார். போனேன். பிரஷர் பார்த்தார். கருவியை உதறிவிட்டு மறுபடியும் பார்த்தார். வழக்கம்போல டப்பாவைத் திறக்கவில்லை. "பெரியாஸ்பத்திரிக்கு நட" என்றார். நான் எழுந்ததும் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

ஓபி வரிசையில் மூன்று மணி நேரம். சுற்றாத மின்விசிறியைத் திட்டினார். வரிசையில் புகுந்தவனைத் திட்டினார். உப்பைக் குறைக்காத என்னைப் பெயர் சொல்லி, பரம்பரை சொல்லித் திட்டினார். பெஞ்சில் இடமில்லாமல் பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்திருந்தார். அந்த மூன்று மணி நேரமும் என் பையைத் தன் மடியிலிருந்து கீழே வைக்கவேயில்லை.